மூன்று சில்லு மின்சைக்கிளும் அதன் பற்றறியும்

(எமது சங்கத்தின் மூத்தோர் ஒன்றுகூடலில், ஸ்ருட்கார்ட்டில் ஆற்றிய உரை. புத்தாண்டு மலருக்காக எழுத்தில் தரப்படுகிறது.)



நான் மேடையில் பேசிப் பழகியவன் அல்ல. யாழ்ப்பாணத்தில் உயர்தரம் வரை படித்தேன். அதற்குப் பிறகு வந்த காலம் படிக்க விடவில்லை. இங்கே ஒரு தொழிற்சாலையில் மெஷின் பகுதியில் மூன்று மாற்று வேலை. சனிக்கிழமைகளில் தெரிந்தவர்களின் சைக்கிள்களைத் திருத்திக் கொடுப்பது என் பொழுதுபோக்கு. அதை வைத்துக்கொண்டு செயலாளர் அண்ணை என்னைப் பிடித்துவிட்டார். "தம்பி, உந்த மூன்று சில்லுச் சைக்கிளைப் பற்றி ஒரு இருபது நிமிஷம் கதையும். வாசலிலை பாரும், அஞ்சு நிக்குது" என்றார். உண்மைதான். மூன்று வருடத்துக்கு முன் இதே மண்டபத்துக்கு வெளியே ஒன்றுகூட நிற்கவில்லை.

ஏன் இத்தனை வந்தது என்று நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. எண்பதுகளில் வந்தவர்கள் நீங்கள். உணவகக் குசினியிலும் துப்புரவு வேலையிலும் முப்பது வருடம் நின்ற கால்கள். முழங்கால் போய்விட்டது. இரண்டு சில்லுச் சைக்கிளில் ஏறினால் விழுந்துவிடுவேனோ என்று பயம். பஸ்சுக்கு நடக்க வேண்டும், ரயிலுக்குப் படி இறங்க வேண்டும். மூன்று சில்லு என்றால் நிறுத்தினாலும் நிற்கும், பின்னால் கூடையில் அரிசி மூட்டை வைக்கலாம், மோட்டர் தள்ளும். எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், கடைக்கும் கோயிலுக்கும் டொக்டரிட்டையும் போக மகனையோ மருமகளையோ "நேரம் இருக்கோ பிள்ளை" என்று கேட்க வேண்டியதில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேளாமல் இருப்பதற்கு ஒரு தாய் என்ன விலையும் கொடுப்பாள் என்பது எனக்குத் தெரியும்.

ஆனால் இந்தச் சுதந்திரம் முழுவதும் ஒரு மூன்று கிலோ பெட்டிக்குள்தான் இருக்கிறது. அதுதான் பற்றறி. சில்லு உடைந்தால் சில்லு மாற்றலாம். செயின் அறுந்தால் இருபது யூரோவோடு முடியும். பற்றறி போனால் எழுநூறு, எண்ணூறு யூரோ கேட்பார்கள். துப்புரவு வேலை செய்து எடுத்த பென்சனில் அது ஒரு மாதச் சீவியம்.

ஒரு அன்ரியின் கதை சொல்கிறேன், பேர் வேண்டாம். பிள்ளைகள் சேர்ந்து நல்ல சைக்கிள் ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். வைகாசியில் இருந்து ஐப்பசி வரை அவ ஓடாத இடம் இல்லை. குளிர் தொடங்கியதும் மிகவும் கவனமாக, தூசு படாமல் சீலை போர்த்து, கெல்லருக்குள் வைத்துப் பூட்டிவிட்டா. கடைசி நாள் ஓடி வந்தபோது பற்றறியில் ஒரு கோடுதான் மிச்சம் இருந்தது. "ஓடாத சைக்கிளுக்கு என்னத்துக்குச் சார்ஜ், கரண்ட் காசு வீண்" என்று அப்படியே விட்டுவிட்டா. பங்குனியில் எடுத்தபோது பற்றறி கண் திறக்கவில்லை. சார்ஜரைப் பூட்டினாலும் ஏற்கவில்லை. புதிதுக்குச் சொன்ன விலையைக் கேட்டுவிட்டு, "எனக்கு உது வேண்டாம், நான் நடக்கிறன்" என்று பிள்ளைகளிடம் சொன்னா. அவ நடக்கவில்லை. வீட்டுக்குள்ளேயே இருந்தா. அடுத்த வருடம் ஒரு பேரன் தன் முதல் சம்பளத்தில் பற்றறி வாங்கிக் கொடுத்தபிறகுதான் அவவைத் திரும்ப வெளியில் கண்டோம்.

அன்ரி கவனமில்லாதவ அல்ல. எங்கள் ஆட்களைப்போல் பற்றறியைப் பொத்திப் பாதுகாத்த சனம் உலகத்தில் குறைவு. 1990இற்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. தடைசெய்யப்பட்ட பொருட்களில் ரோர்ச் பற்றறியும் ஒன்று. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டது இங்கே இருக்கும் பலருக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் வீட்டில் நான் சின்னப்பிள்ளை, சுற்றுகிற வேலை எனக்கு. கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும், அப்பா பேசுவார். செத்த பற்றறியை வெயிலில் காயவைத்தோம், அடியில் துளை போட்டு உப்புத்தண்ணீர் விட்டோம். அப்படி ஒரு பற்றறிக்கு இரண்டு சீவியம் கொடுத்தவர்கள் நாங்கள்.

சிக்கல் என்னவென்றால், அந்தப் பழக்கம் ஒன்றும் இந்தப் பெட்டிக்குப் பொருந்தாது. சிலது ஆபத்தும்கூட. லித்தியம் பற்றறியை வெயிலில் காயவைப்பது, சூடாக்குவது, துளைப்பது எல்லாம் வீட்டுக்குத் தீ வைப்பதற்குச் சமம். ஆகவே பழையதைக் கொஞ்சம் மறந்துவிட்டு, இது என்ன சாதிப் பிராணி என்று பார்ப்போம்.

மோட்டர் பூட்டிய மூன்று சில்லு புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1881 ஏப்ரலில், எங்கள் புத்தாண்டு மாதத்தில்தான், குஸ்தாவ் துருவே என்ற பிரெஞ்சுக்காரர் பரிஸ் தெருவில் அப்படி ஒன்றை ஓடிக் காட்டினார். கார்ல் பென்ஸ் தன் காருக்குக் காப்புரிமை எடுத்தது 1886இல். அந்தக் காருக்கும் மூன்று சில்லுத்தான். துருவேயின் வண்டியில் இருந்தது ஈயப் பற்றறி. பாரம் கூட, ஓடும் தூரம் குறைய. அந்தக் காலத்தில் பெற்றோலிடம் தோற்றது மோட்டர் அல்ல, பற்றறிதான். நூறு வருடத்துக்கு மேல் காத்திருந்துதான் 1991இல் லித்தியம் பற்றறி கடைக்கு வந்தது. அதற்கு வழிசெய்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அவர்களில் ஒருவரான குடினஃபுக்கு அப்போது 97 வயது. மூத்தோர் ஒன்றுகூடலில் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக உங்கள் பற்றறியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கோ. மிதிக்கிற சைக்கிள் என்றால் அநேகமாக லித்தியம். மிதிகட்டை இல்லாமல் கதிரைபோல் இருந்து ஓட்டுகிற வண்டி என்றால் ஈயமாகவும் இருக்கலாம். ஜேர்மன் மொழியில் பிளை என்று எழுதியிருந்தால் ஈயம். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்க்குணம்.

ஈயத்தை நான் தொழிற்சாலையில் தினமும் காண்கிறேன். பாரம் தூக்கும் வண்டிகளுக்கு ஈயப் பற்றறிதான். வேலை முடிந்தவுடன் சார்ஜில் போட்டே ஆக வேண்டும். குறைச் சார்ஜில் நிறுத்தினால் உள்ளே தகட்டில் வெள்ளை உப்புப் படிந்து இறுகிவிடும், பிறகு அது சார்ஜை ஏற்காது. திறந்து தண்ணீர் விடுகிற வகை என்றால் வடித்த தண்ணீர்தான் விட வேண்டும், குழாய்த் தண்ணீர் விடக்கூடாது. இந்தியாவில் டில்லி போன்ற நகரங்களில் மின்சார ரிக்‌ஷா ஓட்டுகிறவர்கள் படும் பாடு இதுதான். நான்கு ஈயப் பற்றறியைச் சேர்த்துப் பூட்டி, நாள் முழுவதும் அடிவரை ஓடி, தரமில்லாத சார்ஜரில் இரவில் போடுகிறார்கள். பல வண்டிகளில் ஒரு வருடத்துக்குள் பற்றறி முடிந்துவிடுகிறது. உழைப்பில் ஒரு பங்கு அதற்கே போகிறது.

லித்தியம் அப்படி அல்ல. ஈயம் வயிறு நிறைந்துதான் நித்திரை கொள்ள வேண்டும். லித்தியம் அரை வயிற்றோடு நித்திரை கொள்ள வேண்டும். இன்றைக்கு நான் சொல்வதில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்திருக்க முடியுமென்றால் இதை வைத்திருங்கோ.

ஏன் என்று கேட்பீர்கள். சாதாரண 36 வோல்ற் பெட்டியைத் திறந்தால் (திறக்காதீர்கள், சொல்வதற்காகச் சொல்கிறேன்) உள்ளே பெருவிரல் பருமனில் ஏறக்குறைய நாற்பது சின்னக் கலங்கள் இருக்கும். பத்துப் பத்தாகத் தொடுத்திருப்பார்கள். நிறைந்தால் ஒவ்வொரு கலமும் 4.2 வோல்ற், மொத்தம் 42. அந்த நிலையில் கலத்துக்கு உள்ளே அழுத்தம் அதிகம், அதன் இரசாயனத் திரவம் மெல்ல மெல்லக் கெட்டுக்கொண்டிருக்கும். சூடும் சேர்ந்தால் இன்னும் வேகமாகக் கெடும். அதனால் நிறைய ஏற்றிவிட்டு மாதக்கணக்கில் வைப்பது கூடாது. மறுபக்கம், பற்றறி ஓடாமல் கிடந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டுதான் இருக்கும். உள்ளே காவலுக்கு ஒரு மின்சுற்று இருக்கிறது, அதற்கும் சாப்பாடு வேண்டும். ஏற்கெனவே வெறுமையாக இருந்தால், கலம் தாங்கக்கூடிய அளவுக்குக் கீழே போய்விடும். அப்போது காவல்காரன் கதவைப் பூட்டிவிடுவான். சார்ஜர் போட்டாலும் திறக்கமாட்டான், ஏனென்றால் அப்படிப்பட்ட கலத்துக்குச் சார்ஜ் ஏற்றினால் தீப்பிடிக்கலாம். அன்ரிக்கு நடந்தது இதுதான்.

ஆகவே சைக்கிளைக் கொஞ்சக் காலம் ஓடப்போவதில்லை என்றால் பற்றறியை 30 தொடக்கம் 60 வீதம் வரையில் வைத்துவிடுங்கோ. ஐந்து கோடு உள்ளதென்றால் இரண்டு அல்லது மூன்று கோடு. சைக்கிளில் இருந்து கழற்றி, 10 தொடக்கம் 20 பாகை குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் வையுங்கோ. சார்ஜரில் பூட்டியபடி விட வேண்டாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பொத்தானை அமத்தி எத்தனை கோடு என்று பாருங்கோ, இறங்கியிருந்தால் கொஞ்சம் ஏற்றுங்கோ. நல்லூர்த் திருவிழாவுக்கென்று ஆறு கிழமை ஊருக்குப் போகிறவர்கள் பெட்டி கட்டுகிற அன்றைக்கு இதையும் செய்ய வேண்டும். அநேகர் அன்றைக்கு நிறையச் சார்ஜ் பண்ணி, கண்ணாடி ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார்கள். ஆடி ஆவணி வெயில் இங்கேயும் இப்போது லேசானது அல்ல.

ஓடாமல் வைப்பதைப் பற்றி ஏன் இவ்வளவு நேரம் பேசுகிறேன் என்றால் ஒரு கணக்கு இருக்கிறது. இப்படியான பற்றறி ஏறக்குறைய 500 முழுச் சுற்றுத் தாங்கும் என்று சொல்வார்கள். முழுச் சுற்று என்றால் சார்ஜரில் பூட்டுகிற தடவை அல்ல. பாதி இறங்கி ஏற்றினால் அரைச் சுற்று, இரண்டு தரம் அப்படிச் செய்தால்தான் ஒன்று. இப்போது எங்கள் அம்மா ஒருவர் கிழமைக்கு மூன்று நாள், நாளுக்கு 12 கிலோமீற்றர் ஓடுகிறார் என்று வையுங்கோ. கிழமைக்கு 36. ஒரு சார்ஜில் 40 கிலோமீற்றர் போகும் என்றால் கிழமைக்கு ஒரு சுற்றுக்கூட இல்லை. வருடத்துக்கு ஐம்பதுக்குள். 500 சுற்று முடியப் பத்து வருடம் வேண்டும். ஆனால் நான் பார்க்கிற பற்றறிகள் மூன்று வருடத்தில் போகின்றன. அவை ஓடித் தேயவில்லை, நின்று சாகின்றன. வேலைக்குத் தினமும் நாற்பது கிலோமீற்றர் ஓடுகிற இளம் ஜேர்மன்காரனுக்கு எழுதிய குறிப்புப் புத்தகத்தில் இது இரண்டு வரியோடு போய்விடும். எங்களுக்கு இதுதான் முழுப் பாடம்.

தினசரி ஓடுகிற காலத்தில் விஷயம் சுலபம். "அடிமட்டம் வரை ஓடிவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும்" என்று யாரோ சொன்னதாகப் பலர் சொல்கிறீர்கள். அது பழைய நிக்கல் பற்றறியின் காலத்துப் பேச்சு. முதல் கைத்தொலைபேசிகளில் இருந்தது. லித்தியத்துக்கு அந்த ஞாபகநோய் இல்லை. ஒரு கோடு, இரண்டு கோடு மிச்சம் இருக்கும்போதே ஏற்றலாம். அடுத்த நாள் தூரம் போக வேண்டும் என்றால் நிறைய ஏற்றுங்கோ, அதில் ஒரு பிழையும் இல்லை. பக்கத்துக் கடைக்கு மட்டும் என்றால் எண்பது வீதத்தோடு கழற்றிவிடுவது பற்றறிக்கு ஆறுதல். கழற்ற மறந்துபோய்விட்டால் அதற்காக நித்திரையைக் கெடுக்க வேண்டாம், ஒரு இரவு நிறைந்து இருந்து பற்றறி செத்ததில்லை.

இனிக் குளிர். சார்ஜ் ஏறும்போது லித்தியம் கலத்தின் ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கத்துக்குப் போய், அங்கே காபன் படைகளுக்கு இடையில் உள்ளே போய் இருக்க வேண்டும். தேர்த்திருவிழாவில் சனம் கோயிலுக்குள் போவதுபோல் என்று வையுங்கோ. சூடான நாளில் கதவு அகலத் திறந்திருக்கும். உறைபனியில் கதவு பாதி சாத்தியிருக்கும், ஆனால் பின்னால் இருந்து சார்ஜர் தள்ளிக்கொண்டேயிருக்கும். உள்ளே போக முடியாத லித்தியம் வாசலிலேயே உலோகமாகப் படிந்துவிடும். அது திரும்ப வேலைக்கு வராது, கூடினால் உள்ளே மின்சாரம் குறுக்கே பாயவும் வழி செய்யும். அதனால் பூச்சியம் பாகைக்குக் கீழே சார்ஜ் பண்ணவே கூடாது. வெளியில் நின்று குளிர்ந்த பற்றறியை வீட்டுக்குள் கொண்டுவந்து ஒன்று இரண்டு மணித்தியாலம் ஆறுதலாக இருக்கவிட்டு, பிறகு பூட்டுங்கோ. ஹீற்றருக்கு மேல் வைத்துச் சூடாக்க வேண்டாம்.

குளிரில் ஓடுவது பிழையில்லை. தூரம் குறையும், கோடு கெதியாக இறங்கும். அது நோய் அல்ல, சூடு வந்ததும் திரும்பும். வீட்டு அறையில் வைத்த பற்றறியைப் புறப்படுகிற நேரத்தில் பூட்டினால் நல்ல தூரம் போகலாம். மூன்று கிலோவைப் படியேற்றுவது சிலருக்குக் கஷ்டம்தான். தோளில் கொழுவுகிற ஒரு துணிப்பை வைத்தால் ஒரு கை கைபிடிக்கு மிஞ்சும்.

அடுத்தது இந்த ஊரின் ஏற்றம். ஸ்ருட்கார்ட் நகரம் தாச்சிச் சட்டிக்குள் இருக்கிறது, நாங்கள் எல்லோரும் அதன் விளிம்பில் வாடகைக்கு இருக்கிறோம். மரியன்பிளாற்சில் இருந்து டேகர்லொக் வரை ஏற்றம் ஏறக்குறைய 200 மீற்றர். 1884இல் இருந்தே அதற்குப் பல்சில்லு ரயில் விட்டிருக்கிறார்கள் என்றால் யோசியுங்கோ. உயர்தரத்தில் படித்த பௌதிகம் எனக்கு இங்கே ஒருமுறை உதவியது. சைக்கிள் 40 கிலோ, ஆள் 75, கூடையில் மரக்கறி 10, மொத்தம் 125 கிலோ. அதை 200 மீற்றர் தூக்க 68 வாற் மணித்தியாலம் வேண்டும். மோட்டரில் சூடாகப் போவதையும் சேர்த்தால் நூறுக்குக் கிட்ட. உங்கள் பற்றறி 500 என்றால் ஐந்தில் ஒரு பங்கு ஒரு ஏற்றத்தோடு சரி. கால் கொஞ்சம் உதவினால் அது குறையும். "இறங்கேக்கை திரும்பச் சார்ஜ் ஏறும்தானே தம்பி" என்று கேட்பார்கள். எங்கள் சைக்கிள்களில் அநேகமானவற்றில் ஏறாது. இறக்கத்தில் போவதெல்லாம் பிறேக்கில் சூடாகத்தான் போகிறது.

ஏற்றத்தில் பற்றறியைக் காப்பது கியர். ஏற்றம் தொடங்குமுன் சின்னக் கியருக்கு வந்துவிடுங்கோ. கால் லேசாகவும் கெதியாகவும் சுற்ற வேண்டும். பெரிய கியரில் வைத்துக்கொண்டு நத்தைபோல் முக்கினால் மோட்டருக்குள் நிறைய மின்சாரம் போகும், சூடுதான் வரும், இழுவை வராது. மோட்டர் முன்சில்லுக்குள் இருக்கிற வகையில் இந்தக் கஷ்டம் கூட, ஏனென்றால் அதற்குக் கியரின் உதவி கிடையாது. இனி வாங்கப்போகிறவர்கள், சமதரையில் இருந்தால் எதுவும் சரி, மேட்டில் இருந்தால் மிதிகட்டைக்கு நடுவில் மோட்டர் உள்ளதை வாங்குங்கோ. பொஷ் கொம்பனி செய்வது அந்த வகை.

அடுத்தது ரயர் காற்று. இது காசில்லாத வேலை, ஒருவரும் செய்வதில்லை. மூன்று சில்லு என்றால் மூன்று ரயர். காற்றுக் குறைந்தால் பற்றறி அந்த ரயரைப் பிசைவதற்கே செலவாகும். எவ்வளவு காற்று என்று ரயரின் பக்கத்திலேயே எழுதியிருக்கும். பெருவிரலால் அமத்திப் பார்ப்பது ஊர்ச் சைக்கிளுக்குச் சரி, இதற்கு அளவுமானி உள்ள பம்ப் வேண்டும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை போதும். பின்சில்லு இரண்டிலும் ஒரே அளவு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

செயின் நீளம் கூட, கறள் பிடித்தால் அதுவும் பற்றறியைத் தின்னும். துணியால் துடைத்து, செயின் எண்ணெய் ஒரு துளி ஒரு துளியாக விடுங்கோ. தேங்காயெண்ணெய் வேண்டாம். பற்றறி பூட்டுகிற இடத்தில் உள்ள உலோக முனைகளுக்கு எந்த எண்ணெயும் வேண்டாம், உலர்ந்த துணி போதும். மாரியில் தெருவுக்குப் போடும் உப்பு எல்லாவற்றையும் அரிக்கும், அதனால் வாளித் தண்ணீரும் பஞ்சும் வைத்துக் கழுவுங்கோ. வின்னன்டனில் செய்கிற கேர்ஷர் காருக்கு நல்ல சாமான், சைக்கிளுக்கு அதன் வேகம் ஆகாது. தண்ணீர் மோட்டருக்குள்ளும் சில்லுக் குண்டுகளுக்குள்ளும் போய்விடும்.

பிறேக் கட்டைகளை மாரிக்கு முன்னும் பின்னும் ஒருவருக்குக் காட்டுங்கோ. 125 கிலோ இறக்கத்தில் வருகிறது, இது சின்ன விஷயம் அல்ல. ஏற்றத்தில் நிறுத்தும்போது நிற்பாட்டும் பிறேக்கைப் பூட்டாமல் இறங்க வேண்டாம். திரும்பும்போது மெதுவாகத் திரும்புங்கோ. இரண்டு சில்லு சரிந்து திரும்பும், மூன்று சில்லு சரியாது, வேகமாகத் திருப்பினால் பிரண்டுவிடும். பாரத்தைக் கூடையின் அடியில் வையுங்கோ.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. மிதித்தால் மட்டும் தள்ளுகிற, 250 வாற்றுக்கு மேற்படாத, மணிக்கு 25 கிலோமீற்றரில் உதவியை நிறுத்துகிற வண்டி இந்த நாட்டில் சைக்கிள். லைசன்ஸ் வேண்டாம், இலக்கத்தகடு வேண்டாம். வேகம் கூட்டித் தருகிறேன் என்று யாராவது வந்தால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கோ. விபத்து நடந்தால் காப்புறுதி கைவிரிக்கும், அதற்கு முன்னரே பற்றறி கைவிரிக்கும்.

நெருப்பு விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கடுமையாகப் பேசுவேன். வண்டியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறு போட வேண்டாம், செருகி பொருந்தினாலும் வேண்டாம். கட்டில், சோபா, உடுப்புக் குவியலுக்குப் பக்கத்தில் சார்ஜ் போட வேண்டாம். நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில், புகை அறிவிக்கும் கருவி உள்ள அறையில், வெறும் நிலத்தில் வைத்துப் போடுங்கோ. பொதுப் படிக்கட்டில் போட வேண்டாம். தீ வந்தால் எல்லோரும் இறங்கி ஓடுகிற வழி அது. பற்றறி கீழே விழுந்தால், வீங்கினால், மணந்தால், தொட முடியாமல் சுட்டால் அதைச் சார்ஜ் பண்ணவே வேண்டாம், கடையில் காட்டுங்கோ. புகை வந்தால் சாமானைப் பாராமல் வெளியில் வந்து 112க்கு அடியுங்கோ. பெட்டியைத் திறந்து கலம் மாற்றித் தருகிறேன் என்று சொல்கிற கெட்டிக்காரர்கள் எங்கள் ஆட்களிலும் இருக்கிறார்கள். ஊரில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிக் காட்டியவர்கள் நாங்கள், அந்தக் கெட்டித்தனத்தை நான் மதிக்கிறேன். இந்தப் பெட்டியில் மட்டும் அதைக் காட்ட வேண்டாம். செத்த பற்றறியைக் குப்பைத் தொட்டியில் போட வேண்டாம், இந்தப் பற்றறி விற்கிற கடைகள் திருப்பி எடுக்கச் சட்டப்படி கடமைப்பட்டவை.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் ஓடிய தூரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். "இரண்டு வருஷம் ஓடவேயில்லை, புதுசு மாதிரி" என்று விளம்பரம் போட்டிருந்தால் எனக்குப் பயம்தான் வரும். அந்த இரண்டு வருடமும் பற்றறி எந்த நிலையில் கிடந்தது என்று கேளுங்கோ. பல சைக்கிள் கடைகளில் பற்றறியின் மிச்ச வலுவை அளந்து ஒரு தாளில் தருவார்கள். அந்தத் தாளைப் பார்த்துவிட்டு விலை பேசுங்கோ.

சென்ற முறை ஒரு ஐயா கேட்டார், தன் பழைய சைக்கிளை ஊரில் உள்ள தமையனுக்கு அனுப்ப முடியுமா என்று. 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாட்களுக்குப் பிறகு அங்கே இருந்து பலர் இதைக் கேட்கிறார்கள். சைக்கிளைக் கப்பலில் அனுப்பலாம். பற்றறியைப் பயணப் பெட்டிக்குள் வைத்து விமானத்தில் கொண்டுபோக முடியாது. பயணிகளுக்கு 160 வாற் மணித்தியாலம்தான் உச்சம், அதற்கும் விமானக் கொம்பனியின் அனுமதி வேண்டும். உங்களுடையது 400, 500. உடுப்புக்குள் சுற்றி ஒளித்துக் கொண்டுபோவது எல்லோருடைய உயிரோடும் விளையாட்டு. கப்பலில் அனுப்பினாலும் அது ஆபத்தான சரக்கு என்று அறிவித்துத்தான் அனுப்ப வேண்டும். ஊர்ச் சூட்டையும் யோசியுங்கோ ஐயா, தகரக் கூரைக்குக் கீழே அது நெடுநாள் இராது.

கடைசியாக ஒரு சின்ன வேலை. பற்றறிப் பூட்டின் திறப்பில் ஒரு இலக்கம் வெட்டியிருக்கும். திறப்புத் துலைந்தால் அந்த இலக்கம் இருந்தால்தான் புதிது எடுக்கலாம். பாதிப்பேர் அதை எழுதி வைத்ததில்லை. தேத்தண்ணிக்குப் பிறகு வாசலுக்கு வாருங்கோ. அளவுமானி உள்ள பம்ப் கொண்டுவந்திருக்கிறேன், ஐந்து சைக்கிளுக்கும் காற்றுப் பார்த்துவிடுவோம். திறப்பு இலக்கம் எழுதப் பேனையும் கடதாசியும் இருக்கிறது, கண்ணாடியை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு வாருங்கோ. அந்த எழுத்து மிகவும் சின்னன்.